அறுபதாவது மாடியும் எங்கள் வீட்டுப் பரணும்

எங்கள் அக்கா ஜப்பானுக்கு இரண்டு தடவை போய்வந்தவள். இதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சேவூரில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரருக்குத் தெரியும். ஆரணி டவுன் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். முதல் தடவை போய்வந்த மறுநாளே என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கே ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்று ஊரையே பார்த்த கதையைச் சொன்னாள். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். என் வீட்டு வாசலில்தான் நிழல் இருந்ததாம்.

"அறுபது மாடிடி. லிப்டுல ஏறினா காது அடைச்சிக்கும். எச்சில முழுங்கிகினே போவணும்."

"நம்ம ரைஸ்மில்லு புகைக்கூண்டு ஒசரம் இருக்குமா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அய்ய, அதெல்லாம் அதுங் காலுகிட்ட நிக்கும்" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் மகள் ஓசாகாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நான் தறியில் ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள். நான் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணமேடை ஏறியிருக்கிறார்கள். அதைச் சொல்ல நான் யார் வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டதில்லை.

இந்த வருஷம் அக்கா மகள் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டு போன் செய்தாள். "சின்னம்மா, நீங்களும் வாங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. தனியா வரவேணாம்" என்றாள். அதாவது, அக்காவின் முட்டிக்குத் துணையாக நான். வரமாட்டேன் என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஆரணிக்குப் பஸ் ஏறிவிட்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் என் பெயரை ஒரு எழுத்து குறையாமல் போட்டேன். கொஞ்சம் நேரமானது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

ஓசாகாவில் அந்த அறுபது மாடிக் கட்டடத்துக்குப் போகும் நாளில், நான் நெய்ததில் எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே புடவையைக் கட்டிக்கொண்டேன். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. அக்கா சுடிதாரும் வெள்ளை ஷூவும் போட்டு, அதன்மேல் தடிமனாக ஒரு கோட்டு மாட்டிக்கொண்டாள். வெளியே காற்று எலும்பு வரைக்கும் போனது. எனக்குக் குளிரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

லிப்ட் வாசலில் தொப்பி போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டாள். அக்காவும் குனிந்து, "அரிகாத்தோ" என்று அவர்கள் பாஷையில் நன்றி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. லிப்ட் கிளம்பியதும் அக்கா என் முழங்கையை இடித்து, "எச்சில முழுங்கு, முழுங்கு" என்றாள். அவள் சொல்லிவிட்டாளே என்பதற்காகவே நான் முழுங்கவில்லை. இரண்டு காதும் பஞ்சு வைத்ததுபோல் அடைத்துக்கொண்டன. அப்படியேதான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கண்ணுக்கு எட்டின மட்டும் வீடுகள், வீடுகளுக்கு அப்பால் வெள்ளையாகக் கடல். ரயில்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தறியில் நாடா ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது. அக்கா சொன்னதைவிட நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.

அங்கே ஒரு ஜப்பான்காரக் கிழவி, என் வயதுதான் இருக்கும், என் முந்தானையைக் காட்டித் தொடலாமா என்று கையாலேயே கேட்டாள். தலையாட்டினேன். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினாள். விஷயம் தெரிந்த விரல். எனக்கு மார்பு விம்மியது. இது நான் நெய்தது என்று எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள், அக்கா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அந்தக் கிழவி என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாள். என் பெருமையைக்கூட அக்கா வாயால்தான் நான் வாங்க வேண்டியிருந்தது.

ஓர் இடத்தில் தரையும் கண்ணாடி. ஒரு கயிற்றுக் கட்டில் அகலம்தான் இருக்கும். காலுக்கு நேர்கீழே சாலையும் எறும்பு மாதிரி காரும் தெரிந்தன. அக்கா மகள் போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்க அந்தப் பக்கம் போய்விட்டாள். அக்கா, வெட்டித் தைத்த முட்டியோடு, நேராகப் போய் அந்தக் கண்ணாடிமேல் நின்றாள்.

"வாடி. பயமா?"

"பயம் இன்னா பயம். எனுக்கு இங்கியே நல்லாத் தெரியுது" என்று சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உயரம் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. எங்கள் வீட்டுப் பரணில்கூட நான் ஒரு நாளும் ஏறியதில்லை. அக்காதான் ஏறுவாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அக்காவைப் பார்த்து வயிறு எரியும்போதெல்லாம் ஒரு பழைய விஷயத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வேன். நகையை எடுத்துப் பார்ப்பதுபோல. அவள் டீச்சர் வேலைக்குப் போன அன்று எடுத்துப் பார்த்தேன். அவள் மாடிவீடு கட்டியபோது பார்த்தேன். ஜப்பான் போய்வந்த இரண்டு தடவையும் பார்த்தேன். ஒன்றே ஒன்றில் நான் அவளை ஜெயித்திருக்கிறேன், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று தேறிக்கொள்வேன். அன்றும் கம்பியைப் பிடித்தபடி அதை எடுத்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. அக்காவுக்குப் பத்து. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குழித்தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இரண்டையும் கோத்து நெய்கிற புடவைக்கு ஓர் ஆள் போதாது. நெய்கிறவருக்கு வலது பக்கம், அவர் உட்காரும் அதே பலகையில், இன்னொருவர் உட்கார்ந்து வலது கரைக்கு உண்டான, நூல் சுற்றிய நாடாவை எறிய வேண்டும். அதற்குப் பெரிய கை தேவையில்லை. பிள்ளைக் கை போதும். அதனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை பலகைக்குப் போகும், மற்றது பள்ளிக்கூடத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அக்கா மூன்றாவது முடித்ததும் பலகைக்கு வந்துவிட்டாள். நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு குறைவான மனிதர். அம்மாவிடமே சோறு, தண்ணீர் என்ற அளவில்தான் பேசுவார். ஆனால் பலகையில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். என்ன பேசுகிறார் என்பது தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. அக்கா சிரிப்பது மட்டும் தெரியும். கடையிலிருந்து டீ வந்தால் கடைசி இரண்டு மடக்கு அவளுக்கு. பட்டு நூல் கொடுத்துப் புடவை வாங்கிப்போக வருகிற கடைக்காரரிடம் அவள் தலையைத் தட்டி, "இது என் வலது கைங்க" என்பார். நான் கதவோரம் சிலேட்டும் கையுமாக நிற்பேன். கடைக்காரர் என்னையும் பார்த்து யார் என்று கேட்டால், நைனா "அது சின்னது. இஸ்கூலுக்குப் போவுது" என்பார். அவ்வளவுதான்.

வேண்டாத பிள்ளைகளை அனுப்பி வைக்கிற இடம்தான் பள்ளிக்கூடம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நைனா நடையில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் கண்ணயர்வார். அம்மா பட்டு நூல் இழைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்து அக்கா ஏணியைச் சாத்திப் பரண்மேல் ஏறிவிடுவாள். பரணில் புளிப்பானையும் வெல்லப்பானையும் இருந்தன. மேலே ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்ததால் அங்கே வெளிச்சமும் உண்டு. இறங்கி வரும்போது அவள் முகம் விருந்து சாப்பிட்டவள் முகம் மாதிரி இருக்கும். பலகையில் டீ, பரணில் வெல்லம். எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், எல்லோரும் அடங்கியதும் தறிக் கம்பத்தில் சொருகியிருந்த பாதி பிளேடை எடுத்தேன். நிசுக்கு, அதாவது நூலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு, சீவ நைனா வைத்திருப்பது. பலகையில் ஏறி, அக்கா உட்காரும் பக்கத்தில், கரையின் இழைகளில் மூன்றை அறுத்தேன். பிளேடை இருந்த இடத்தில் சொருகிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது நைனா குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, நாடாவ இஸ்து அடிக்கிறியா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா அடுத்த இழையின் நுனியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மறுநாளும் மூன்று அறுத்தேன். அடுத்த நாளும் மூன்று. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி ஓடினவள், திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். நைனா எழுந்து வந்து பார்த்தார். ஓர் இழையின் நுனியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார். கரையில் முடிச்சு விழுந்தால் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே தடவிச் சொல்லிவிடுவார். ஒன்பது முடிச்சு என்றால் புடவையே திரும்பி வந்துவிடும்.

"உனுக்கு கை தடிச்சிப் போச்சிம்மா. எந்திரி" என்றார் அக்காவிடம். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "சின்னது, நீ வா."

அக்கா எழுந்தாள். தான் உட்கார மடித்துப் போட்டிருந்த கோணியை எடுத்து உதறினாள். திரும்ப மடித்து அதே இடத்தில் எனக்காகப் போட்டாள். நகர்ந்து இடம் விட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தோற்றவள் அழுகிறாள் என்று எனக்கு உள்ளே வெல்லம் கரைந்தது.

"சும்மா வூட்ல கீறதுக்கு இஸ்கூலுக்காவது போவட்டும்" என்றாள் அம்மா. அக்காவிடம் சிலேட்டு இல்லை. என் சிலேட்டை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். எனக்கு இனிமேல் அது எதற்கு? அந்த வாரமே கடைக்காரர் வந்தபோது நைனா என் தலையைத் தட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு திருட்டு வேலை, அவ்வளவுதான். நகை மாதிரி எடுத்துப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதில் தறியில் எலி புகுந்து இழைகளைக் கடித்துவிட்டது. அப்போது நைனா என்னை உட்காரவைத்துக் காட்டினார். "இத பாரு, தானா அறுந்தாலும் எலி கடிச்சாலும் நுனி பிசுறா, பூனை வாலு மாதிரி இருக்கும். பிளேடால அறுத்தது மழுங்கலா, ஒரே சீரா இருக்கும். பாக்கக்கூட வேணாம், தொட்டாலே கை சொல்லிடும்" என்றார்.

என்னுடைய ஒன்பது இழைகளையும் அவர் தொட்டார். விரலில் வைத்து உருட்டினார். கை சொல்லியிருக்கும். அறுத்தது என்று தெரிந்திருக்கும், அறுத்தது யார் என்றும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அக்காவை எழுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார் என்றால், அவருக்கு வேண்டியிருந்தது நான்தான். நான் தேடிப் போய்ப் பிடித்த இடமல்ல அது, அவரே என்னை எடுத்துக்கொண்டார். இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். கேட்க என்ன இருக்கிறது? அறுபது வருஷமாக என்னிடம் இருந்த நகை இதுதான்.

அதை ஆற அமரப் பார்த்து முடித்ததும் எனக்குத் தெம்பு வந்தது. கண்ணாடிமேல் நின்ற அக்காவைச் சீண்டினேன்.

"உனுக்கு இன்னா, ஒசரம் ஏற்றது பழக்கம்தானே. பரண்மேல ஏறி வெல்லம் துன்னவதானே நீ."

"வெல்லமா?" என்று திரும்பினாள். "எந்த வெல்லம்?"

"தெனம் மத்தியானம் நைனா தூங்கும்போது. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஜப்பான்காரக் கிழவிகூடத் திரும்பிப் பார்த்தாள். "அடிப் பாவி, வெல்லத்த எறும்புதான் துன்னுச்சி. நான் படிச்சிகினு இருந்தேன்டி. எதிர்வூட்டுப் பொண்ணு நாலாவது முடிச்சிட்டுத் தூக்கிப் போட்ட புக்கு. புளிப்பானைக்கு அடியில ஒளிச்சி வெச்சிருந்தேன். அந்தக் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துல, குப்புறப் படுத்துகினு."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் காலுக்குக் கீழே பார்த்தாள்.

"மேலருந்து பாத்தா எல்லாம் எவ்ளோ நல்லாத் தெரியுது, இல்ல? அங்கியும் அப்படித்தான். பரணுக்கு நேர்கீழ தறி."

நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"நீ பிளேட எடுத்தது, நாக்கக் கடிச்சிகினு அறுத்தது, மறுபடியும் கம்பத்துல சொருவிட்டு ஓடினது, எல்லாம் பாத்தேன். மூணு நாளும்."

பரணிலிருந்து தறி தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஏறியதே இல்லையே.

"நைனாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன நாலு வெச்சிட்டு இஸ்கூலுக்குத் துரத்தியிருப்பாரு. நான் பலகையிலயே கெடந்திருப்பேன்" என்றாள். "சொல்லாதது மட்டும் இல்லடி. நீ அறுத்த லட்சணம் இருக்கே, ரிப்பன் வெட்டின மாதிரி இருந்துச்சி. நைனா தொட்டாருன்னா அப்பவே கண்டுபுடிச்சிடுவாரு. நீ போனதும் நான் எறங்கி வந்து ஒவ்வொரு நுனியா பல்லால கடிச்சிப் பிசுறாக்கிட்டுதான் மறுபடியும் ஏறுவேன்."

ஒன்பது இழை. ஒன்பது நுனி. நைனா வெளிச்சத்தில் பிடித்து விரலில் உருட்டியது அக்காவின் பல் பட்ட நூலை. அவர் கை பொய் சொல்லவில்லை. அறுந்தது என்றுதான் சொல்லியிருக்கிறது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் யாரையும் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்குக் கை தடித்துவிட்டது, இன்னொரு பிள்ளை இருந்தது, கூப்பிட்டார்.

அப்போதுதான் எச்சிலை முழுங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. அடைத்திருந்த காது இரண்டும் பட்டென்று திறந்துகொண்டன. அந்த மாடியில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தது அதுவரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது.

"இத்த சொல்லத்தான் உன்ன இட்டாந்தேன்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "முட்டிக்குத் தொணைன்னதெல்லாம் சும்மா. சேவூர்ல சொல்லியிருந்தா நீ எந்திரிச்சி உள்ள பூந்து கதவ சாத்திகினு இருப்ப. இங்க எங்க போவ?"

"அறுத்தது நான்தானே" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

"கடிச்சது நானு."

அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. எல்லாவற்றையும் விட வயிறுதான் எரிந்தது. வாழ்நாளில் நான் செய்தது ஒரே ஒரு திருட்டு. அதிலும் அவள்தான் கெட்டிக்காரி.

அக்கா தோளில் தொங்கிய பையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். கண்ணாடியில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள், அன்றைக்குக் கோணியை உதறிப் போட்டு நகர்ந்தாளே, அதே மாதிரி. கண்ணும் அதே மாதிரிதான் இருந்தது. வலது பக்கம்தான் விட்டாள்.

நான் கம்பியை விடவில்லை.

"இப்ப எதுக்கு எனுக்கு எடம் உட்ற?" என்று கேட்டேன்.

"முட்டி நடுங்குதுடி" என்றாள் அக்கா. "அப்பலேந்து நடுங்கிகினுதான் நிக்கிறேன். ஜல்தி வந்து புடிச்சிக்க."

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கண்ணாடிமேல் கால் வைத்தேன். ஏழு வயதில், அவள் கோணியைப் போட்டு இடம் விட்டபோது, ஏன் விடுகிறாய் என்று ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்குத் தெரியவில்லை.